செயலி சொன்னது மபானியா, மண்ணில் இருப்பது?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் சமூகத் தோட்டத்தில் ஒரு பாத்தி வைத்திருக்கிறேன். போன மாதம் 'ஆர்கானிக்' மண் மூட்டைகள் வாங்கிக் கொட்டி முளைக்கீரை விதைத்தேன். கீரைக்கு நடுவே கோரை மாதிரி ஒன்று கிளம்பியிருக்கிறது. செயலியில் படம் போட்டால் 'மபானியா, அரிய உள்ளூர்ச் செடி' என்கிறது. பக்கத்துப் பாத்திக்காரர் பிடுங்கச் சொல்கிறார். பிடுங்கினால் பாவமோ?

பதில்: பாவமெல்லாம் இல்லையம்மா. ஆனாலும் பிடுங்காதீர்கள்.

மபானியா காட்டு நிழலில் வளர்வது. தாழை மாதிரி அகலமான, விறைப்பான இலை. வெயில் கொளுத்தும் கீரைப் பாத்தியில் தானாக முளைக்கிற ஜாதி அல்ல. உங்கள் படத்தில் இருப்பதோ ஒல்லியான இலை மட்டும். அதை வைத்துக்கொண்டு இன்ன கோரை என்று அடித்துச் சொல்ல செயலியாலும் முடியாது, என்னாலும் முடியாது.

பூத்தண்டு வரட்டும். உச்சியில் செம்பழுப்புக் கதிர்கள் குடைக்கம்பி போலப் பிரிந்து நின்றால் சாதாரணக் கோரை. உருண்டையாக ஒரே பச்சைத் தலை, அதன் அடியில் மூன்று இலை விரிந்திருந்தால் கைலிங்கா என்ற வேறொரு கோரை வகை. பொறுமை இல்லையா, ஒரு தூரை மண்ணோடு தோண்டுங்கள். சாதாரணக் கோரையானால் கறுத்த கிழங்குகள் சரமாகக் கோத்திருக்கும். ஒன்றைக் கிள்ளி முகருங்கள். நாட்டு மருந்துக்கடை வாசம் அடித்தால் கோரைக்கிழங்கேதான்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, இது எப்படி வந்தது என்று. என் சந்தேகமெல்லாம் அந்த மூட்டைமேல்தான். பச்சை இலைப் படம் அச்சடித்துவிட்டால் எல்லாமே 'ஆர்கானிக்'! உள்ளே எந்த ஊர் மண் என்று விற்கிறவருக்கே தெரியாது. தோண்டிய மண்ணோடு கிழங்கும் வரும். போய்க் கேட்டால் களைக்கொல்லி பாட்டிலை நீட்டுவார். வியாதியையும் விற்று மருந்தையும் விற்கிற வியாபாரம். கீரைப் பாத்தியில் அதைத் தெளிக்கவே வேண்டாம். இனி எந்த மூட்டை வாங்கினாலும் இரண்டு பிடி மண்ணைத் தட்டில் பரப்பி, பதினைந்து நாள் ஈரமாக வைத்துப் பார்க்காமல் பாத்தியில் கொட்டாதீர்கள். அதைவிட, தோட்டத்துச் சருகை மட்கவைத்துப் போடுங்கள். காசும் மிச்சம்.

பிடுங்க வேண்டாம் என்றதற்குக் காரணம், இலை கையோடு வந்துவிடும், கிழங்கு உள்ளேயே நிற்கும். சரம் அறுந்தால் அதுவரை தூங்கிக்கொண்டிருந்த கிழங்கும் முளைக்கும். கீரையை அறுத்துவிட்டு, தோட்ட முள்கரண்டியால் ஒரு சாண் ஆழம் கிளறி, மண்ணைச் சலித்துப் பொறுக்குங்கள். பிறகு சர்க்கரைவள்ளிக் கொடியை நெருக்கி நடுங்கள். நிழல் விழுந்தால் கோரை சோர்ந்துபோகும், கொடியின் இலை பொரியலுக்கு ஆகும். பொறுக்கிய கிழங்கைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கம்போஸ்ட் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.