தன்பாலீர்ப்பாளர் ராணுவத்தில் சேரலாமா, அதை வெளியில் சொல்லலாமா?

கேள்வி: மார்த்தாண்டத்துக்குப் பக்கத்து ஊரைச் சேர்ந்தவன் நான், வயது 20. ராணுவத்தில் நான்காண்டுப் பணிக்கான அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். நான் தன்பாலீர்ப்பாளன் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. 2018 தீர்ப்புக்குப் பிறகு ராணுவத்தில் இதை மறைக்காமல் பணியாற்ற முடியுமா? மருத்துவப் பரிசோதனையில் கேட்பார்களா? கேட்காவிட்டால் நானாகச் சொல்ல வேண்டுமா? சுபேதாராக ஓய்வுபெற்ற என் மாமாவிடம் இதைப் பேசலாமா? பின்னால் தெரியவந்தால் வேலை போய்விடுமா?

பதில்: தன்பாலீர்ப்பாளர் என்ற காரணத்துக்காக ஒருவரைப் படையில் சேர்க்கக் கூடாது என்று ராணுவச் சட்டத்தின் எந்தப் பிரிவும் கூறவில்லை. அதே நேரத்தில், அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் பணியாற்றுபவரைப் பாதுகாக்கும் பிரிவும் அதில் கிடையாது. உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்குமான விடை இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில்தான் இருக்கிறது என்பதால், அந்த இடம் எவ்வளவு குறுகலானது என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன்.

வயது வந்த இருவர் மனமொப்பித் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், இத்தகைய உறவைக் குற்றமாக்கிய பழைய 377-ஆம் பிரிவே இடம்பெறவில்லை. பொதுச் சட்டத்தைப் பொறுத்தவரை உங்கள் மீது குற்றம் ஏதும் இல்லை. ஆனால் படைவீரர் இன்னொரு சட்டத்துக்கும் கட்டுப்பட்டவர். 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தில் 46-ஆம் பிரிவு, கொடூரமான, ஆபாசமான அல்லது இயற்கைக்கு மாறான இழிநடத்தைக்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. 63-ஆம் பிரிவு இன்னும் அகலமானது. வேறு எந்தப் பிரிவிலும் குறிப்பிடப்படாத செயலாக இருந்தாலும், அது படை ஒழுங்குக்குக் கேடு விளைவிப்பது என்று ராணுவ நீதிமன்றம் முடிவு செய்தால் அதற்கும் ஏழாண்டு வரை சிறை உண்டு. பதவிக்குப் பொருந்தாத நடத்தை பற்றிய 45-ஆம் பிரிவு அதிகாரிகளுக்கும் சுபேதார் போன்ற இளநிலை அதிகாரிகளுக்கும் உரியது. சிப்பாயாகச் சேரும் உங்களுக்கு அது பொருந்தாது.

இந்தப் பிரிவுகள் அனைத்தும் நடத்தையைத்தான் பேசுகின்றன என்பதைக் கவனியுங்கள். மனத்தில் உள்ள ஈர்ப்பு ஒரு குற்றமாக எங்கும் எழுதப்படவில்லை. பொதுச் சட்டத்தில் குற்றமல்ல என்றான பின் அதே உறவை ராணுவச் சட்டம் மட்டும் இயற்கைக்கு மாறானது என்று எப்படிச் சொல்ல முடியும் என்று வாதிட இடம் இருக்கிறது, நானும் அப்படித்தான் வாதிடுவேன். ஆயினும் அந்த வாதத்தை நம்பி ஓர் இளைஞர் தம் வேலையைப் பணயம் வைக்கலாம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அரசியலமைப்பின் 33-ஆவது கூறு, படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தந்திருக்கிறது. 2018-இலேயே பிறர்மனை உறவும் குற்றமல்ல என்றானது. ஆனால் அத்தீர்ப்பு படைச் சட்டங்களின்படி எடுக்கப்படும் ஒழுங்கு நடவடிக்கைகளைப் பாதிக்காது என்று 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றமே தெளிவுபடுத்திவிட்டது. தன்பாலீர்ப்பு தொடர்பாகவும் அரசுத் தரப்பு இந்த வழியைத்தான் பிடிக்கும் என்பது என் கணிப்பு. அன்றைய தரைப்படைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், 2019 ஜனவரியில் செய்தியாளர்களிடம், ராணுவத்துக்குத் தனிச் சட்டம் உண்டு, இதைப் படைக்குள் அனுமதிக்க மாட்டோம் என்ற பொருளில் பேசியதும் நினைவிருக்கட்டும்.

இனி தேர்வு நிலைக்கு வருவோம். மருத்துவர்கள் உங்களை உடை களையச் சொல்லிக் குடலிறக்கம், விரைவீக்கம், மூலம் போன்றவற்றைப் பார்ப்பார்கள். பல இளைஞர்கள் இந்த இடத்தில்தான் காரணமில்லாமல் பதறுகிறார்கள். அந்தப் பரிசோதனையால் ஒருவரது ஈர்ப்பை அறிய முடியாது, அது அதன் நோக்கமும் அல்ல. தன்பாலீர்ப்பு நோயும் அன்று. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆகவே மருத்துவரிடம் அதைத் தெரிவிக்கும் கடமை உங்களுக்கு இல்லை.

சேர்க்கைப் படிவத்தைப் பொறுத்தவரை ஒன்றை உறுதியாக மனத்தில் வையுங்கள். அதில் கேட்கப்படும் கேள்விக்குத் தெரிந்தே பொய்யான பதில் தருவது 44-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஊர், மதம், திருமணம், முன்பு தண்டனை பெற்றதுண்டா, எங்கு அனுப்பினாலும் செல்வீர்களா என்பவை போன்ற கேள்விகள் அதில் இருக்கும். யாரை விரும்புகிறீர்கள் என்ற கேள்வி இருக்காது. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய்யாகாது. அக்னிவீருக்குத் திருமணம் ஆகவில்லை என்ற சான்றிதழும் தேவை என்பதால், வீட்டில் பெண் பார்க்கும் பேச்சை எடுத்தால் சில ஆண்டுகளுக்குத் தள்ளிப்போட உங்களுக்குச் சட்டப்படியே ஒரு காரணம் கிடைக்கிறது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை; நம் மாவட்டத்தில் அந்த அவகாசத்தின் மதிப்பு உங்களுக்கே தெரியும்.

சேர்ந்த பிறகு ஆபத்து எங்கிருந்து வரும்? பெரும்பாலும் கைப்பேசியிலிருந்துதான். 2020 ஜூலையில் ராணுவம் 89 செயலிகளை நீக்கும்படி தன் வீரர்களுக்கு உத்தரவிட்டது. டிண்டர், ஓகேக்யூபிட் போன்ற, துணை தேடும் செயலிகள் பலவும் அதில் இருந்தன. ஆசைகாட்டி ரகசியம் கறக்கும் உளவாளிகளைத் தடுப்பதே அதன் நோக்கம், ஆண் பெண் உறவுக்கும் அது பொருந்தும். ஆனால் அத்தகைய செயலி உங்கள் பேசியில் அகப்பட்டால், உங்கள் ஈர்ப்பு பற்றிய விவாதமே தேவைப்படாமல், உத்தரவை மீறியதற்காக மட்டுமே உங்களைத் தண்டிக்க முடியும். விடுதி அறையில் உடன் தங்குபவரிடம், அவர் எவ்வளவு நெருங்கிய நண்பரானாலும், உறவை நாடாதீர்கள். பதவியில் இளையவரிடம் என்றால் அவர் சம்மதித்ததாகச் சொன்னாலும் அது நிற்காது. விடுப்பில் ஊருக்கு வரும்போது உங்கள் வாழ்க்கை உங்களுடையது. ஆனாலும் விடுப்பிலும் நீங்கள் ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவரே. படத்தை வைத்து மிரட்டிப் பணம் கேட்பவர்கள் குறிவைப்பது இப்படி மறைந்து வாழ்பவர்களைத்தான். அப்படி ஒரு மிரட்டல் வந்தால் பணம் தராமல், செய்திகளை அழிக்காமல், உடனே வழக்கறிஞரைப் பாருங்கள்.

பிற நாடுகள் இதை எப்படிக் கையாண்டன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஊர் டீக்கடையில் கூட, வெளிப்படையாக அனுமதித்தால் படை குலைந்துவிடும் என்ற பேச்சு அடிபடுகிறது. பிரிட்டன், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் 1999-இல் தோற்று, 2000 ஜனவரி 12 அன்று தடையை நீக்கியது. அதற்குப் பதிலாக அது கொண்டுவந்தது, ஆண் பெண் பேதமின்றி, ஈர்ப்பு எதுவாயினும், எல்லோருக்கும் ஒரே நடத்தை விதி: உங்கள் செயல் படையின் செயல்திறனைக் கெடுத்ததா என்பது மட்டுமே கேள்வி. அமெரிக்காவோ, கேட்காதே, சொல்லாதே என்ற ஏற்பாட்டை 1990-களில் தொடங்கி 13,000-க்கும் மேற்பட்டோரை வெளியே அனுப்பிய பிறகு, 2011 செப்டம்பர் 20 அன்று அதைக் கைவிட்டது. இரண்டு படைகளும் குலையவில்லை. நமக்கும் பிரிட்டன் விதியே பொருந்தும் என்பது என் கருத்து. 46-ஆம் பிரிவில் ‘இயற்கைக்கு மாறான’ என்ற சொல்லை நீக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மாமாவிடம் பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டாள வாழ்க்கை பற்றி, பயிற்சி பற்றி, உயரதிகாரியிடம் எப்படிப் பேசுவது என்பது பற்றி அவரிடம் தாராளமாகக் கேளுங்கள். ஈர்ப்பைப் பற்றிச் சொல்வது வேறு. குளச்சல் போர் நினைவுத் தூணுக்கு மெட்ராஸ் ரெஜிமெண்ட் மரியாதை செலுத்தும் மாவட்டம் இது. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர்களில், அதே படைப்பிரிவில் இருக்கும் பழைய தோழருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்ல வேண்டும் என்பதுகூட இல்லை. பேச ஆள் வேண்டுமென்றால் மனநல மருத்துவரிடம் பேசுங்கள். ஈர்ப்பை மாற்றிவிடுவதாகச் சொல்லும் சிகிச்சை, சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021 தீர்ப்பைத் தொடர்ந்து, மருத்துவர்களுக்கு ஒழுக்கக்கேடாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அப்படி யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தும் விவகாரம் வெளியே வந்தால், இரண்டு வழிகளில் நடவடிக்கை வரக்கூடும். ஒன்று, கமாண்டிங் அதிகாரியே நடத்தும் சுருக்க விசாரணை ராணுவ நீதிமன்றம். இதில் ஓராண்டு வரை சிறையும் பணிநீக்கமும் விதிக்க முடியும். மற்றொன்று, சேவை தேவையில்லை என்று 1954 ராணுவ விதிகளின் 13-ஆம் விதிப்படி வெளியே அனுப்புவது. 2017-இல் பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவரைக் கடற்படை, தன் விதிகளின்படி, ‘சேவை தேவையில்லை’ என்றே விடுவித்தது. இந்த வழியில் காரணம் கேட்கும் அறிவிப்பு வரும்போது, குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அமைதியாக ஊருக்கு அனுப்பிவிடுகிறோம் என்று நல்லவிதமாகவே யாராவது சொல்லக்கூடும். கையெழுத்திடாதீர்கள். அறிவிப்பின் நகலைப் பெற்று, எழுத்தில் பதில் தர அவகாசம் கேளுங்கள். இறுதி உத்தரவு வந்தால் ஆறு மாதத்துக்குள் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். கொச்சி அமர்வு நமக்குப் பக்கம் என்றாலும், வெளியே வந்து குமரி மாவட்டத்தில் குடியிருப்பவருக்கு உரியது சென்னை அமர்வு.