செம்பருத்தித் தேநீர் இரத்த அழுத்தத்தைக் குறைக்குமா?
செம்பருத்தித் தேநீரில் என்ன சத்து உள்ளது, அது இரத்த அழுத்தத்தைக் குறைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வுகள் குறிப்பிடும் தேநீர் நம் வீட்டு முற்றத்துச் செம்பருத்திப் பூவால் ஆனதன்று. எகிப்திலும் சூடானிலும் 'கர்கடே' என்ற பெயரில் அருந்தப்படும் அது, புளிச்சக்கீரை இனத்துச் செடியொன்றின் சதைப்பற்றுள்ள சிவந்த புல்லிவட்டத்தை (பூவின் அடியிலுள்ள உறையை) உலர்த்தித் தயாரிக்கப்படுவது. அதன் நிறம் ஆந்தோசயனின்கள் என்னும் இயற்கை நிறமிகளாலும், புளிப்பு சிட்ரிக், மாலிக் முதலிய அமிலங்களாலும் வருகிறது, காஃபின் இல்லை. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2010இல் வெளியிட்ட, லேசான உயர் அழுத்தம் கொண்டோர் உட்பட 65 பேர் பங்கேற்ற ஆய்வில், நாளுக்கு 3 கோப்பை வீதம் 6 வாரம் அருந்தியோரின் மேல் அழுத்தம் (120/80 என்பதில் முதல் எண்) சராசரியாக 7 புள்ளிகள் குறைந்தது. ஒப்பீட்டுக்காகச் செம்பருத்தி இல்லாத போலிப் பானம் அருந்தியோரிடம் குறைந்தது ஏறத்தாழ 1 புள்ளியே. பயனுள்ள பானந்தான், ஆனால் மாத்திரைக்கு மாற்றாகாது. அழுத்த மாத்திரை உட்கொள்வோரும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் அருந்த வேண்டாம்.