கர்நாடக இசை படித்த ஒருவர் 40 வயதுக்கு மேல் சாக்ஸபோன் கற்று ஜாஸ் வாசிக்க முடியுமா?

முடியும். நான் 43-இல் ஆரம்பித்தேன், இப்போது 46. மேடை ஏறும் அளவுக்கு இல்லை; ஆனால் வாசிக்கிறேன்.

சின்ன வயதில் ஒன்பது வருடம் வயலின். வர்ணம், கீர்த்தனை எல்லாம் பாடம். அந்தந்த நேரத்தில் சொந்தமாகக் கற்பித்து வாசிக்க வேண்டிய கற்பனை சுரத்தைக்கூட வாத்தியார் நோட்டில் எழுதிக்கொடுப்பார், நாங்கள் மனப்பாடமாக ஒப்பிப்போம். (கற்பனை யாருடையது என்று யாரும் கேட்டதில்லை.) ராகத்தில் இல்லாத அன்னிய சுரம் விழுந்தால் வில்லாலேயே விரல் கணுவில் ஒரு தட்டு. வேலை கிடைத்ததும் வயலின் பரணுக்குப் போனது.

பழைய ஆல்ட்டோ சாக்ஸபோன் ஒன்று 22,000 ரூபாய்க்குக் கிடைத்தது. முதல் இரண்டு மாதம் இசை என்று சொல்ல ஒன்றுமில்லை. ரீடை (ஊதும் முனையில் பொருத்தும் மெல்லிய நாணல் பட்டை) வாயில் வைத்து நனைத்து, கீழுதட்டைப் பல்லின் மேல் மடித்து ஊதினால் வாத்து கத்தும். உதட்டின் உட்புறம் புண்ணாகி ரசம் சாப்பிட்டால் எரியும். நம்பர் கூடக்கூட ரீட் விறைப்பாகும்; 2 நம்பரில் தொடங்குங்கள்; வீறாப்பாக 3 வாங்கி மூச்சுமுட்ட வேண்டாம். நமக்கு ஒரு வசதி உண்டு. ஆல்ட்டோவில் 'சி'க்கு விரல் வைத்தால் ஒலிப்பது பியானோவின் ஈ ஃபிளாட், அதாவது இரண்டரைக் கட்டை (கட்டை என்பது நம் சுருதியின் உயர அளவு). பியானோவிலிருந்து வருபவர்கள் இதில் குழம்புவார்கள். நமக்கு ஸ எங்கே இருந்தாலும் ஸ தானே.

தாளத்தில்தான் திண்டாட்டம். ஜாஸுக்கே உரிய ஸ்விங் நடை, 'தகிட'வில் நடு எழுத்தை விழுங்கிச் சொல்வது போல, அது வந்துவிட்டது. ஆனால் நான்கு எண்ணிக்கையில் அழுத்தம் 2-லும் 4-லும் விழ வேண்டுமாம். என் கை இன்றைக்கும் 1-இல்தான் விழுகிறது.

ஜாஸ் சொல்லித்தரும் மாஸ்டர் (என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், என்னை 'சார்' என்பார்) முதலில் கொடுத்தது அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959-இல் பதிவு செய்த 'சோ வாட்'. டோரியன் மோடு என்றார், அது மேற்கத்திய சுர வரிசைகளில் ஒன்று. ஊதிப் பார்த்தால் நம் கரகரப்பிரியா ராகத்தின் சுரங்கள், கமகம் என்னும் அசைவு இல்லாமல். ஆதி தாளத்தில் எண்ணினால் 8 ஆவர்த்தனம் (எட்டு எண்ணிக்கை கொண்ட தாளச் சுற்று) இரண்டு கட்டையில். அடுத்த 4 இரண்டரைக் கட்டையில். கடைசி 4 மறுபடி இரண்டில். சுருதியே நகர்கிறது! சுருதி மாதா என்று வளர்ந்தவனுக்கு இது வயிற்றைக் கலக்கியது.

ஒருநாள் எண்ணிக்கை தவறிவிட்டது. அவர் கீபோர்டில் இரண்டரைக்கு ஏறிவிட்டார், நான் இரண்டிலேயே நிற்கிறேன். காது கூசியது. வாயை எடுத்துவிட்டேன், விரல் கணு தானாகவே உள்ளே மடங்கியது. அவர் நிறுத்தவில்லை. வாசித்துக்கொண்டே, "விடாதீங்க சார். அதே சுரத்தை வேணும்னே இன்னொரு தடவை ஊதுங்க. அப்புறம் அரைக் கட்டை மேலே தள்ளுங்க" என்றார். ஊதினேன், தள்ளினேன். சரியாக வந்து உட்கார்ந்தது. முதலில் வந்த பிழை, இரண்டாவதற்காகவே போட்டுவைத்தது போல் ஒலித்தது. அன்று ஒரு மணி நேரம் வேண்டுமென்றே தப்பாக வாசித்துக்கொண்டிருந்தேன். நோட்டு இல்லை, ஒப்பித்தல் இல்லை. 43 வயதில் முதல்முறையாக அடுத்த சுரம் என்னவென்று எனக்கே தெரியாமல் வாசித்தேன்.

போன மாதம் பரணிலிருந்து வயலினை இறக்கித் தந்தி மாற்றினேன். கரகரப்பிரியா வாசித்து, நடுவில் அரைக் கட்டை ஏறினேன். சமையலறையிலிருந்து அம்மா, "என்னடா, சுருதி விலகுது!"

"நாலு ஆவர்த்தனம் பொறும்மா, திரும்பிடும்" என்றேன்.