கடைக்காரர் எழுதிக் கொடுத்த கணினிப் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துமா, பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பலாமா?

நீங்கள் கேள்வியில் கொடுத்திருக்கும் பட்டியலில் இன்டெல் கோர் ஐ5 12400எஃப் பிராசசர், எச்610 மதர்போர்டு (எல்லாப் பாகங்களையும் மாட்டும் பலகை), 16 ஜிபி ரேம், 500 ஜிபி எம்.2 எஸ்எஸ்டி (தரவைச் சேமிக்கும் பாகம்), 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி), கேபினெட் ஆகியவை இருக்கின்றன. திரைக்கான படத்தை உருவாக்கித் தரும் கிராபிக்ஸ் கார்டு இல்லை. கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்காக வாங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் கணினிப் பொறியாளன் அல்லன், கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஆனாலும் அந்த 'எஃப்' என்ற ஓர் எழுத்தைப் பார்த்தபின் பேசாமல் கடந்துபோக முடியவில்லை.

2022 ஆகஸ்டில், பொறியியலில் சேர்ந்த என் மகளுக்காக, பெரிய நிறுவனத்தின் தயார்நிலைக் கணினியே போதும் என்ற மைத்துனரின் பேச்சைத் தட்டிவிட்டு, ஒரு மாதம் காணொளிகள் பார்த்துச் சேர்த்த அறிவோடு சென்னையில் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். ரைசன் 5 5600 பிராசசரும் பி450 மதர்போர்டும் வாங்கினேன். "ரெண்டும் ஏஎம்4 சாக்கெட்தான் சார், கண்ணை மூடிக்கிட்டு மாட்டலாம்" என்றார் கடைக்காரர். சாக்கெட் என்பது பிராசசர் உட்காரும் இடம். அதைப் பொறுத்தவரை அவர் சொன்னது பொய்யன்று; பிராசசர் அதில் அழகாகத்தான் உட்கார்ந்தது. இரவு பதினொரு மணிக்குச் சுவிட்சைப் போட்டபோது விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, மானிட்டர் மட்டும் இருட்டாகவே இருந்தது. மகள் ஒன்றும் சொல்லாமல் தூங்கப் போய்விட்டாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மதர்போர்டின் பின்புறத்தில் எச்டிஎம்ஐ இணைப்பு இருந்ததால் மானிட்டரை அதில் செருகியிருந்தேன். அந்த இணைப்பு வெறும் குழாய்தான் என்பதும், படத்தை உருவாக்கி அனுப்பும் பகுதி பிராசசருக்குள் இருந்தாக வேண்டும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. 5600ஜி என்ற பிராசசருக்குள் அது உண்டு, 5600க்குள் இல்லை. தொட்டியே கட்டாத வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருந்திருக்கிறேன்.

மறுநாள் அலுவலக நண்பரிடமிருந்து பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை இரவல் வாங்கி மாட்டினேன். அப்போதும் இருட்டுதான். பி450 என்பது 2018இல் வந்த சிப்செட், அதாவது பலகையின் கட்டுப்பாட்டுச் சில்லு. 5600 வெளியானது 2022 ஏப்ரலில். என் பலகையில் இருந்த பயாஸ், அதாவது கணினியைத் தொடக்கி வைக்கும் மென்பொருள், அதற்கெல்லாம் முந்தையது என்பதால், தன் மேல் உட்கார்ந்திருந்த பிராசசரை அதற்கு அடையாளமே தெரியவில்லை. மதர்போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில், எந்தப் பிராசசர் எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து வேலை செய்யும் என்ற அட்டவணை இருக்கிறது. வாங்குவதற்கு முன்பே அதை நான் பார்த்திருந்தேன். பிராசசரின் பெயர் இருந்ததும் மகிழ்ந்து போனேனே தவிர, பயாஸ் பதிப்பைக் குறிக்கும் கடைசிப் பத்தியைப் படிக்கவில்லை. கடைசிப் பத்தியைப் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று வாடிக்கையாளர்களிடம் நாள்தோறும் சொல்பவன் நான்.

கடைக்குத் திரும்பிப் போனபோது, ரசீதின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று இருந்த வரியைக் காட்டினார்கள். குறையுள்ள பொருளை அப்படி மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. ஆனால் என் கையில் இருந்த இரண்டு பொருள்களிலும் தனித்தனியே எந்தக் குறையும் இல்லாததால், சட்டம் பேசியும் பயன் இருக்காது என்று தோன்றியது. பக்கத்துச் சந்தில் ஒரு தம்பி பழைய ரைசன் பிராசசர் ஒன்றைத் தற்காலிகமாக மாட்டி, பெண்டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பித்து, பத்தே நிமிடத்தில் முடித்து ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். பிராசசர் இல்லாமலேயே பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் சில பலகைகளில் உண்டு. என்னுடையதில் இல்லை.

'பெட்டியைப் படிக்கத் தெரியாதது உன் தவறு' என்று எழுத வருபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: நான் படித்தேன். 3200 என்று வேகம் அச்சிட்ட ரேம், பயாஸுக்குள் சென்று எக்ஸ்எம்பி என்ற, அச்சிட்ட வேகத்தில் ஓடவிடும் அமைப்பை இயக்கும்வரை 2400இல்தான் ஓடியது. அந்த 3200ஐ மெகாஹெர்ட்ஸ் என்று விற்கிறார்கள். உண்மையான கடிகார வேகம் 1600தான், ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போவதால் எண் இரட்டிப்பாகிறது. எஸ்எஸ்டி பெட்டியில் வேகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் 'வரை' என்ற சொல், ஆடித் தள்ளுபடிப் பலகையில் ஐம்பது விழுக்காட்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அதே 'வரை'தான். ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் 2017இல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு ஒரு கிராபிக்ஸ் கார்டும், 2018இல் டிடிஆர்4 நினைவகத்தோடு இன்னொன்றும் வந்தன. முதலாவதன் நினைவக வேகம் வினாடிக்கு 48 ஜிகாபைட், இரண்டாவதற்கு 17கூட இல்லை. பெட்டியின் முகப்பை மட்டும் பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும்?

இனி உங்கள் பட்டியல். பயாஸ் கவலை உங்களுக்கு இல்லை. எச்610 பலகைகள் 12ஆம் தலைமுறைப் பிராசசர்களுக்காகவே வந்தவை. அந்தப் பலகை டிடிஆர்4 ரேமுக்கான வகையிலும் கிடைக்கிறது, டிடிஆர்5 ரேமுக்கான வகையிலும் கிடைக்கிறது. இரண்டு ரேமிலும் 288 பின்கள்தாம், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். ஒன்றுக்கானதில் மற்றது நுழையாது. ஆகவே ரசீதில் வகையை எழுதச் சொல்லுங்கள். எம்.2 என்பது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயரன்று. சாட்டா என்ற பழைய இணைப்பு வகையானால் வினாடிக்கு 550 மெகாபைட் அளவோடு நின்றுவிடும், அதைவிட வேகமான என்விஎம்இ வகையைக் கேளுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் 450 என்ற எண்ணை விட்டுவிட்டு, பக்கவாட்டு ஒட்டுச்சீட்டில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள்; பிராசசருக்கும் கார்டுக்கும் கிடைக்கும் வாட் அதுதான். '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைப் பற்றியது, எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பற்றியதன்று.

கடைசியாக அந்த 'எஃப்'. உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்பதே அதன் பொருள். எஃப் இல்லாத 12400க்குள் அது இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு பிறகு வாங்கும் எண்ணம் உங்களுக்கு இருக்கலாம், அதை நான் அறியேன். முன்பணம் கொடுப்பதற்கு முன், மானிட்டரை எதில் செருகுவது என்று கடைக்காரரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.