ஐந்து வாரமாக அசையாத எடை
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 42, உயரம் 160 செ.மீ. டயட் தொடங்கும்போது 84 கிலோ இருந்தேன். நான்கு மாதத்தில் 75 கிலோவுக்கு வந்தேன். கடந்த ஐந்து வாரமாக எடை இறங்கவே இல்லை. தினமும் 1,400 கலோரி சாப்பிடுகிறேன், 40 நிமிடம் நடக்கிறேன். சாப்பாட்டை 1,000 கலோரியாகக் குறைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெண்களுக்கான மிஃப்லின் – செயின்ட் ஜியோர் சூத்திரப்படி, சும்மா படுத்திருந்தாலே 84 கிலோவில் உங்கள் உடல் ஒரு நாளைக்குச் சுமார் 1,470 கலோரி செலவழித்தது. 75 கிலோவில் அது 1,380. நடமாட்டத்தையும் சேர்த்தால் இன்றைய செலவு ஏறத்தாழ 1,900. டயட் நீளும்போது உடல் சிக்கனம் பிடிக்கும் என்பது உண்மைதான். அதற்காக இன்னும் 150 கழித்தாலும், 1,400 சாப்பிடுகிறவருக்கு வாரம் 300 கிராமாவது குறைய வேண்டும். குறையவில்லை என்றால், ஒன்று உடலில் தேங்கிய நீர் கொழுப்புக் குறைவை மறைக்கிறது. இல்லையென்றால் அந்த 1,400 உண்மையில் 1,400 இல்லை.

நீரைக் கண்டுபிடிக்க, தினமும் காலையில் கழிவறை போய்வந்த பிறகு, எதுவும் சாப்பிடாமல் எடை பாருங்கள். ஒற்றை நாள் எண்ணை விட்டுவிட்டு, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். மாதவிலக்குக்கு முன் ஒன்றிரண்டு கிலோ ஏறுவது பலருக்கு உண்டு. அதனால் சென்ற சுழற்சியின் பத்தாம் நாளை இந்தச் சுழற்சியின் பத்தாம் நாளோடுதான் ஒப்பிட வேண்டும். இடுப்புச் சுற்றளவையும் வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள்.

இடுப்பும் குறையவில்லையா? அப்படியானால் பெரும்பாலும் அளவில்தான் ஓட்டை இருக்கும். ஏழு நாள் மட்டும் சமையலறைத் தராசில் எல்லாவற்றையும் நிறுத்துச் சாப்பிடுங்கள். தானியத்தை வேகவைக்கும் முன்பே நிறுக்க வேண்டும்; வெந்தபின் நீரேறி எடை இரண்டு மூன்று மடங்காகிவிடும், கணக்கு தப்பும். எண்ணெய்தான் பெரிய திருடன்: ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. கண்ணளவில் ஊற்றாமல், ஊற்றும் முன்னும் பின்னும் எண்ணெய்ப் பாட்டிலை நிறுத்துப் பாருங்கள். ஒரு கைப்பிடிக் கொட்டைப் பருப்பு, 30 கிராம், 170 கலோரிக்கு மேல் வரும். சமைக்கும்போது ருசி பார்ப்பது, குழந்தை தட்டில் மிச்சம் வைத்தது எல்லாம் எழுத்தில் வர வேண்டும். ஐந்து நாள் தினம் 500 வீதம் மிச்சம் பிடித்து, வார இறுதியில் இரண்டு நாள் தினம் 1,000 கூடுதலாகச் சாப்பிட்டால், வாரம் முழுக்கப் பட்ட பாட்டுக்கு மிஞ்சுவது 500 கலோரி, அதாவது 65 கிராம் கொழுப்பு. நடைக்கு ஆப் காட்டும் கலோரியை நம்பி அதைத் திரும்பச் சாப்பிடாதீர்கள்.

கணக்கு சரியாக இருந்தும் எடை இறங்கவில்லை என்றால் 100 கலோரி மட்டும் குறையுங்கள். அல்லது தினம் 2,000 காலடி கூடுதலாக நடங்கள். மூன்று வாரம் பொறுத்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை, உங்களுக்கு 90 முதல் 120 கிராம். (சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவு மட்டுமே.) வாரம் இரண்டு நாள் எடைப்பயிற்சி செய்தால் தசை கரைவது குறையும்.

1,000 கலோரிக்கு ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், 1944–45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆண்களை அரைப்பட்டினியில் வைத்து நடத்திய ஆய்வில் அவர்கள் உடல் பெருமளவு செலவைச் சுருக்கிக்கொண்டது. தெம்பு குறைந்து தளர்ந்தார்கள், பலருக்குக் காலில் நீர் கோத்தது. பட்டினி போட்டால் எடை இறங்கினாலும் உடல் தளரும், கோக்கும் நீர் அந்த இறக்கத்தையும் மறைக்கலாம். மிகவும் களைத்துவிட்டீர்கள் என்றால் இரண்டு வாரம் 1,750 கலோரி சாப்பிட்டு இளைப்பாறிவிட்டு மறுபடி தொடங்கலாம். அப்போது ஒரு கிலோ ஏறினால் பதற வேண்டாம்: மாவுச்சத்தை உடல் கிளைகோஜனாகச் சேமிக்கும்; அதன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் நீரைப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: ஜிம் சேர்ந்து மூன்று வாரம். எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது, பேன்ட் மட்டும் தளர்கிறது. எது உண்மை?

பதில்: பேன்ட் சொல்வதுதான். புதிய பயிற்சியில் நோகும் தசை, ஆறும்வரை நீரைப் பிடித்து வைக்கும். ஜிம் போகிறவர்கள் தசை வலுவுக்காகச் சாப்பிடும் கிரியேட்டின் பொடி எடுத்தாலும் இப்படி ஏறும். எதையும் மாற்றாமல் தொடருங்கள்.

கேள்வி: எடை குறையாததற்குத் தைராய்டு காரணமாக இருக்குமா?

பதில்: எடை நின்றது ஒன்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கூடவே அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, தோல் வறட்சி இருந்தால் தைராய்டு எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகளும் எடையைக் கூட்டும். அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொண்டே சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டயட் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லி மருந்தளவை மாற்றிக்கொள்ளுங்கள்.