போர்டு மாற்றினால் விண்டோஸ் போய்விடுமா?

காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி நடத்தும் வாசகர் கேட்கிறார்: "இடி மழையில் கடைக் கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விட்டது. நான்காம் தலைமுறை ஐ3, எச்81 போர்டு, விண்டோஸ் 10. டாலி கணக்கெல்லாம் எஸ்எஸ்டியில் இருக்கிறது. விண்டோஸை மறுபடி போடாமல் போர்டை மட்டும் மாற்றலாமா?"

தாராளமாக மாற்றலாம். விண்டோஸ் 7 என்றால் பிழை காட்டும் நீலத்திரையில் நின்றுவிடுமோ என்று பயப்பட வேண்டும். விண்டோஸ் 10 அப்படியில்லை. புதுப் போர்டைக் கண்டதும் தேவையான டிரைவர்களைப் பெரும்பாலும் தானே போட்டுக்கொள்ளும். ஓரிரு முறை ரீஸ்டார்ட் ஆகும். நடுவில் பவரை நிறுத்திவிடாதீர்கள்.

எனக்குக் கவலை விண்டோஸைப் பற்றி இல்லை, உங்கள் கணக்கைப் பற்றித்தான். போர்டு வாங்கப் போகுமுன் எஸ்எஸ்டியைக் கழற்றி, யுஎஸ்பி கேபிள் வழியாக வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, டாலி டேட்டா ஃபோல்டரை இரண்டு இடங்களில் காப்பி எடுங்கள். டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அப்புறம், மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்காமல் புதுப் போர்டில் இணைக்கவே கூடாது. இடியில் அதுவும் அடிபட்டிருந்தால் புதுப் போர்டும் போய்விடும். லேன் கேபிள் வழியாகவும் இடி இறங்கும் என்பதால் மோடத்தையும் பார்த்துவிடுங்கள்.

மறுபடியும் எச்81 போர்டே வாங்கினால் பழைய பிராசஸர், டிடிஆர்3 ரேம் இரண்டும் பொருந்தும். மாட்டியபின் விண்டோஸ் எழவில்லை என்றால் உடனே ஃபார்மேட் செய்ய ஒத்துக்கொள்ளாதீர்கள். போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் இரண்டைப் பாருங்கள். ஒன்று சாட்டா மோடு, அதாவது டிஸ்கோடு போர்டு பேசும் முறை: அது முன்பு இருந்தபடி, பொதுவாக ஏஎச்சிஐ என்று, இருக்க வேண்டும். இன்னொன்று பூட் மோடு, அதாவது விண்டோஸைத் தொடங்கும் முறை: உங்கள் விண்டோஸ் பழைய முறையான லெகசியில் போட்டதா, புதிய முறையான யுஇஎஃப்ஐயில் போட்டதா என்பதற்கு ஏற்ப இருக்க வேண்டும். "விண்டோஸ் வரவில்லை" என்று என்னிடம் வருபவற்றில் பல இந்த இரண்டில் சரியாகிவிடுகின்றன. லேன் டிரைவரை முன்கூட்டியே பென்டிரைவில் போட்டு வைத்தால், நெட் வராமல் தவிக்க வேண்டியதில்லை.

விண்டோஸ் ஆக்டிவேஷன் கேட்கக்கூடும். கம்ப்யூட்டருடன் வந்த ஓஇஎம் லைசென்ஸ் பழைய போர்டோடு கட்டப்பட்டது, பொதுவாகப் புதுப் போர்டுக்கு வராது. தனியாக வாங்கிய ரீடெய்ல் லைசென்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தால், செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் டிரபிள்ஷூட்டர் மூலம் ஹார்டுவேர் மாறியதைச் சொல்லி மீட்கலாம். அதுவரை விண்டோஸால் பில் போடத் தடை இருக்காது. டாலி லைசென்ஸும் ஹார்டுவேரோடு கட்டப்பட்டதுதான். சீரியல் எண்ணையும் பதிவு செய்த மின்னஞ்சலையும் கையில் வைத்துக்கொண்டு ரீஆக்டிவேட் செய்யுங்கள்.

ஒன்றை மனதில் வையுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, உங்கள் ஐ3 விண்டோஸ் 11க்குத் தகுதிப் பட்டியலில் இல்லை. ஆகவே இந்த எச்81 போர்டில் பெரிய தொகையைப் போடாதீர்கள். இந்த மாங்காய் சீசனை ஓட்டிவிட்டு, புதுக் கம்ப்யூட்டர் வாங்குவதே என் யோசனை. பேங்க் வேலையை இப்போதே வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள்.