பெட்ரோல் நிறுவனத்தை மாற்றினால் காருக்குக் கேடா?

கேள்வி: வங்கி அட்டைத் தள்ளுபடியைப் பொறுத்து ஒரு வாரம் எஸ்ஸோவிலும் மறு வாரம் கால்டெக்ஸிலும் பெட்ரோல் நிரப்புகிறேன். இதனால் இயந்திரம் பழுதாகும் என்கிறார் நண்பர். உண்மையா?
- ஈசூன் வாசகர்

பதில்: உண்மையன்று. சிங்கப்பூரில் விற்கப்படும் பெட்ரோல் எந்த நிறுவனத்துடையதாயினும் அரசு வகுத்த தரத்துக்கு உட்பட்டது என்பதால், தொட்டியில் இரண்டும் கலப்பதால் தீங்கு நேராது. நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவது பெரும்பாலும் கரிப்படிவைக் குறைக்கச் சேர்க்கப்படும் துப்புரவு வேதிப்பொருள்கள்தாம். (எரிபொருளை நேரடியாக உருளைக்குள் (சிலிண்டர்) மட்டுமே பீய்ச்சும் இயந்திரங்களில், காற்றை உள்ளிழுக்கும் வால்வுகளைப் பெட்ரோல் தொடுவதேயில்லை; ஆகவே அங்குள்ள கரிப்படிவை இந்த வேதிப்பொருள்களால் நீக்க முடியாது. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.)

நீங்கள் மாற்றக் கூடாதது ஆக்டேன் எண்தான். 92, 95, 98 ஆகியவை பெட்ரோலின் ஆற்றலை அன்று, அழுத்தத்தில் தானாகவே வெடித்து எரியாமல் தாங்கும் திறனையே குறிக்கின்றன. 98 தேவைப்படும் காரில் 92 நிரப்பினால், அப்படி வெடித்து எரிவதால் எழும் இயந்திரத் தட்டலை உணரும் கருவி தீப்பொறி நேரத்தைத் தாமதப்படுத்த, இழுவிசையும் சிக்கனமும் குறையும். கடும் சுமையில் சேதமும் ஏற்படலாம். 95 போதுமான காருக்கு 98 நிரப்புவதோ, என் கணிப்பில், வீண்செலவு. உங்கள் காருக்குரிய எண் பெரும்பாலும் எரிபொருள் மூடியின் உட்புறத்திலும் கையேட்டிலும் அச்சிடப்பட்டிருக்கும்.